கத்திரி வெயிலும் மேல்வானத்து அகச்சிவப்பும்

மே 5, 2025, திங்கள்

வேலூரில் கத்திரி தொடங்கிவிட்டது. ஆய்வகத்து அகச்சிவப்பு நிறமாலைமானியில் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் நீலம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தது. மாற்றினேன். உள்ளே ஒளியைப் பிரிக்கும் தட்டு பொட்டாசியம் புரோமைடு. ஈரம் பட்டால் வீணாகிவிடும்.

மே 8, வியாழன்

மேல்வளிமண்டலம் பற்றி ப்ராஜெக்ட் செய்யும் எம்.எஸ்ஸி. மாணவி கேட்டாள்: "மேடம், சேட்டிலைட்ல போறதும் இதே மெஷினா?"

அடிப்படை இதேதான். வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அசையாத கண்ணாடிக்கும் மறு பாதியை நகரும் கண்ணாடிக்கும் அனுப்பி மறுபடி சேர்க்கிறோம். கண்ணாடி நகர நகர ஒளி கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை, அதிலுள்ள அலைகளைத் தனித்தனியே பிரிக்கும் ஃபூரியே கணக்கில் போட்டால் முழு நிறமாலையும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். கண்ணாடி எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு நெருக்கமான நிறமாலைக் கோடுகளையும் பிரித்துப் பார்க்கலாம்.

வேறுபாடு விளக்கில்தான். நமக்கு உள்ளேயே விளக்கு உண்டு. 2003இல் போன கனடாவின் சைசாட் செயற்கைக்கோளில் உள்ள ஏஸ் கருவிக்குச் சூரியனே விளக்கு: அது உதிக்கும்போதும் மறையும்போதும் நடுவிலுள்ள காற்று எதை விழுங்குகிறது என்று பார்க்கும். 2002இல் ஐரோப்பியர்கள் என்விசாட் செயற்கைக்கோளில் அனுப்பிய மிபாஸ் கருவிக்கு விளக்கே கிடையாது. பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து, காற்று தானே உமிழும் அகச்சிவப்பை அளந்தது. அதனால் இரவிலும், மாதக்கணக்கில் சூரியன் வராத துருவக் குளிர்காலத்திலும் வேலை செய்தது. என் மனசு மிபாஸ் பக்கம்தான்.

மே 13, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் போய் ஏசி நின்றது. இந்தச் சூட்டில் சுவர், மேசை, நம் கை எல்லாமே 10 மைக்ரான் அலைநீளத்தின் அருகே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன, கருவியும்தான். மேல்வானத்தின் மெல்லிய ஒளி அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் மிபாஸின் உணரிகளைச் சுமார் 70 கெல்வின் (மைனஸ் 203 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்வித்தார்கள்.

மே 24, சனி

ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூர் வரை போய்வந்தோம். மேகம். அங்கேயே உட்கார்ந்து பேசினோம். தலைக்கு மேல் சுமார் 87 கிலோமீட்டரில் ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) மூலக்கூறுகள் இரவெல்லாம் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. விண்மீன் பார்ப்பவர்களுக்கு அது தொந்தரவு. எங்களுக்கு அந்தக் கோடுகளின் வலிமை விகிதமே அந்த உயரத்தின் வெப்பமானி.

அப்புறம் கரியமில வாயு பற்றிப் பேச்சு வந்தது. இங்கே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அதே வாயு, அடர்த்தி குறைந்த மேல்வளியில் 15 மைக்ரானில் வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது. அது கூடக் கூட மேல்வளி குளிர்ந்து சுருங்குகிறது. அங்கே காற்றின் இழுவை குறைவதால் விண்வெளிக் குப்பை விழாமல் நீண்ட நாள் சுற்றும். இதைப் பல பத்தாண்டுகள் விடாமல் அளக்க வேண்டும். என்விசாட் 2012 ஏப்ரலில் பேச்சை நிறுத்திவிட்டது. இரண்டு ஆண்டுக்கென்று அனுப்பிய சைசாட் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்திருக்கிறது. அதன் தரவை வைத்தே ப்ராஜெக்டைத் தொடர்கிறேன் என்கிறாள் மாணவி. சரி என்றேன்.