கூலிங் கிளாஸோடு ஆண்டவன் முன்னால்

அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். முடிந்தது. “நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிப்பா” என்று அனுப்பிவைத்தாள். எனக்கோ கிட்டப்பார்வை, மைனஸ் 5 பவர். கண்ணாடியைக் கழற்றினால் முன்னால் போகிற காவடியே மஞ்சள் புகை மாதிரிதான் தெரியும்.

ஐந்து நாள் நடை. ரோட்டுப் புழுதியில் கை கழுவாமல் கான்டாக்ட் லென்ஸைத் தொட்டால் வினை என்பதால் அதைத் தொடவே இல்லை. பகலுக்குப் பவர் போட்ட கூலிங் கிளாஸ், ராத்திரி நடைக்குச் சாதாரணக் கண்ணாடி. கூலிங் கிளாஸில் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற யுவி 400 இருக்கிறதா என்று கேட்டே வாங்கினேன். வெறும் கறுப்புச் சாயம் என்றால் நிழல் என்று நம்பிக் கண்மணி விரியும், புற ஊதாக் கதிர் தாராளமாக உள்ளே போகும்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில், நெற்றியில் தடவிய சன்ஸ்கிரீன் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கியது. அப்பப்பா! ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த பெரியவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, “நெத்தியில துண்டைக் கட்டு, தொப்பிய இறக்கிப் போடு, அது போதும்” என்றார். அப்புறம் தொந்தரவே இல்லை. தூசியோடு கண்ணாடியைத் துண்டால் துடைத்துக் கீறல் விழ வைத்தது மட்டும் என் புத்தி.

அடிவாரத்தில் “சீக்கிர தரிசனம் சார்” என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள் தனிக்கூட்டம். படி ஏறும்போது பொழுது சாய்ந்தது. கண்ணாடியை மாற்றலாமென்று எடுத்த நேரம், யாரோ முழங்கையால் இடிக்க, சாதாரணக் கண்ணாடி விழுந்து மிதிபட்டுப் போனது.

ஆக, ராத்திரியில் கூலிங் கிளாஸோடு சன்னதி. வெட்கமாக இருந்தது, கழற்றினேன். எல்லாம் ஒரே வெளிச்சக் குழம்பு. அம்மாவிடம் என்ன சொல்வேன்? “நகருங்க, நகருங்க” என்று முதுகில் கை விழுந்தது. திரும்பவும் மாட்டினேன். அந்த நொடிதான் தீபாராதனை. சுற்றியிருந்ததெல்லாம் இருட்டில் மறைந்து, கற்பூர ஒளியில் ராஜ அலங்காரத்தில் அவன் முகம் மட்டும் துல்லியமாக, அவ்வளவு பக்கத்தில். முருகா!

அம்மாவுக்குப் போன் செய்தபோது பேச்சு வரவில்லை. “பார்த்தியா?” என்றாள். “பார்த்தேம்மா.”