மூன்று முறை தேய்த்த ஹெட்லைட்

மூன்றாவது முறையாக, மஞ்சளாகி மங்கிப்போன அதே கார் ஹெட்லைட் முன்னால் உப்புத்தாளோடு உட்கார்ந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதல் இரண்டு முறையும் தேய்த்ததில் பெரிய குறை இல்லை. தேய்த்து முடித்த பிறகு செய்ய வேண்டியதில்தான் கோட்டை விட்டிருந்தேன்.

ஆரம்பத்தில் எல்லாரையும் போல நானும் பற்பசையில் தொடங்கினேன். பளபளவென்று வந்தது, சில வாரங்களில் பழைய மஞ்சளே திரும்பிவிட்டது. ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதைக் காக்க ஆலையிலேயே ஒரு கெட்டியான மேற்பூச்சு கொடுக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைவதால்தான் மஞ்சளும் மங்கலும் வருகின்றன. பற்பசை மேலாக மெருகேற்றுமே தவிர, சிதைந்த பூச்சை முழுதாக எடுக்காது, புதிய பூச்சும் தராது.

அடுத்ததாக ஒருவர் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரால் துடைக்கச் சொன்னார். நல்ல வேளையாக இடது விளக்கின் ஒரு மூலையில் மட்டும் துடைத்துப் பார்த்தேன். கண்ணெதிரே சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் ஓடின. தயவுசெய்து தின்னரையோ அசிட்டோனையோ இந்த பிளாஸ்டிக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த வெடிப்பை எந்தப் பாலிஷாலும் போக்க முடியாது.

பிறகு ஹெட்லைட்டைப் புதுப்பிக்கும் பொருள்கள் அடங்கிய ஒரு 'கிட்' வாங்கினேன். 'புதிது போல ஆகும்' என்று பெட்டியில் எழுதியிருந்தது. உள்ளே உப்புத்தாளும் பாலிஷும் இருந்தன. மேல் பூசுவதற்கு ஒன்றுமே இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, அதெல்லாம் தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். நம்பி வந்தேன். ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கினேன். ஐந்தே மாதத்தில் முன்பைவிட மோசமாக மங்கியது. பழைய பூச்சையும் நானே உரித்துவிட்டேன் அல்லவா, வெறும் பிளாஸ்டிக் நேரடியாக வெயிலில் கிடந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத கிட்டை யாரும் வாங்காதீர்கள்.

இரண்டாவது முறை பூச்சைத் தனியாக வாங்கிவந்தேன். உப்புத்தாளின் எண் கூடக் கூடத் தாள் நைசாகும்; அவசரத்தில் 1000 எண் தாளிலிருந்து நேராக 3000-க்குத் தாவினேன். தண்ணீர் காய்ந்ததும் ஆழமான கீறல்கள் பல்லைக் காட்டின. 1500, 2000 இரண்டையும் விடக்கூடாது. முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் முழுவதுமாக அழித்த பிறகே மேலே போக வேண்டும். ஒரு தாளால் கிடைமட்டமாகவும் அடுத்ததால் செங்குத்தாகவும் தேய்த்தால், எந்தக் கீறல் மிச்சம் என்று சட்டென்று தெரியும். தண்ணீர் எப்போதும் வழிந்துகொண்டே இருக்கட்டும். முதல் தாளில் மஞ்சளாகக் கலங்கி வழியும் நீர் வெள்ளையாக மாறினால் பழைய பூச்சு போய்விட்டது என்று பொருள்.

இத்தனையும் சரிசெய்து பூச்சைத் தடவினால், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விலகி நின்றது. பாலிஷின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் விட்டதுதான் காரணம். ஒரு நாள் உழைப்பு வீண்.

ஆகவே மூன்றாவது முறை அவசரமே காட்டவில்லை. சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினேன்; முன்பு ஓர் அடுக்கு பிய்ந்து பானெட் ஓரத்தில் கீறல் விழுந்திருந்தது. தாள்களை வரிசை தவறாமல் முடித்தேன். கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்து, கையால் தொடாமல், காற்றில் ஈரமும் தூசும் இல்லாத நேரத்தில் நிழலில் வைத்துப் பூசினேன். ஒரே திசையில் ஒரே இழுப்பு. இழுத்த இடத்துக்குத் திரும்பப் போகவில்லை. மறுநாள் வரை தண்ணீர் படவிடவில்லை. நான் வாங்கியது துணியால் தடவும் வகை. கடினமாக்கி கலந்த ஸ்ப்ரே வாங்குபவர்கள் சாதாரணத் துணி முகமூடியை நம்பி அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலுக்குக் கேடு.

இன்னொன்று, தேய்க்கத் தொடங்குமுன் முகப்பில் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்புறத்தில்தான், தேய்த்தால் பலன் உண்டு. உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

ஓராண்டு முடிந்துவிட்டது, மஞ்சள் எட்டிப் பார்க்கவில்லை. நேற்றிரவு விளக்கில்லாத சாலையில் ஓரக் கல்லும் பள்ளமும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்தபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. இடது மூலையில் அந்த வெடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.