பெட்டியில் அச்சிட்டிருந்த 525

என் முதல் தொலைநோக்கி வந்திறங்கிய அட்டைப்பெட்டியின் மேல், சனிக் கோளின் வண்ணப் படத்துக்குப் பக்கத்தில், "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். முன்பக்க வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்பது பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான் கொட்டை எழுத்தைப் படித்துவிட்டு வாங்கியவள். அந்தப் பொடி எழுத்தின் பொருள் விளங்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் அந்த ஓராண்டை மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

525 என்பது பொய்க் கணக்கு அன்று என்பதுதான் இதில் வேடிக்கை. தொலைநோக்கியின் குவியத் தொலைவை (வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தொலைவை) ஐபீஸின், அதாவது நாம் கண் வைக்கும் சிறு வில்லையின், குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். என்னுடையதன் குவியத் தொலைவு 700 மில்லிமீட்டர். பெட்டியில் 20, 10, 4 மில்லிமீட்டர் அளவுகளில் மூன்று ஐபீஸ்களும், மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றும் இருந்தன. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதை மூன்றால் பெருக்கினால் 525. கணக்கு சரி, காட்சிதான் இல்லை. வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்ச வரம்பு என்பது வானம் பார்ப்பவர்களின் பழகிய கணக்கு. 60 மில்லிமீட்டருக்கு அது 120. அதற்கு மேல் போனால், உள்ளே வந்த அதே சிறிதளவு ஒளியை இன்னும் பரந்த இடத்தில் தடவுகிறோம். உருவம் பெரிதாகும், மங்கும், குழம்பும்.

தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது அன்று, ஒளியைச் சேர்ப்பது. இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் வில்லை அதைப்போல் 70 மடங்குக்கும் சற்றுக் கூடுதலான ஒளியைச் சேர்க்கிறது, ஏனெனில் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 130 மில்லிமீட்டர் ஆடி கொண்ட எதிரொளிப்புத் தொலைநோக்கி என்னுடையதைவிட நான்கரை மடங்குக்கு மேல் சேர்க்கும். ஆகவே இனி வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய எண் விட்டம் ஒன்றுதான். அதற்கு அடுத்ததாக, நான் சொன்னால் பலரும் சிரிப்பார்கள், தாங்கியைப் பார்க்க வேண்டும். குழாயை விரலால் தட்டினால் ஆட்டம் ஓரிரு விநாடிகளில் அடங்க வேண்டும். என் முக்காலி மூச்சுக்காற்றுக்கே நடுங்கியது. மெல்லிய கால்களில் நிற்கும் நல்ல வில்லையைவிட, ஜான் டாப்சன் 1960-களில் பரப்பிய எளிய மரப்பெட்டித் தாங்கியில் தரையோடு உட்கார்ந்திருக்கும் டாப்சோனியன் தொலைநோக்கி எவ்வளவோ மேல்.

முதல் இரவில் எனக்கு நிலவே கிடைக்கவில்லை. தலைக்கு மேல் பளீரென்று இருந்த நிலவைத் தேடி, 4 மில்லிமீட்டர் ஐபீஸையும் பார்லோவையும் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் குழாயைத் துழாவினேன். அந்த உருப்பெருக்கத்தில் என் தொலைநோக்கிக்குத் தெரிந்த வானம், நிலவின் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தற்செயலாக ஒருமுறை சாம்பல் நிறத்தில் ஏதோ தோன்றி, நான் திருகைத் தொடுவதற்குள் நழுவிப் போயிற்று. பூமி சுழல்வதால், அவ்வளவு குறுகிய பார்வையில் எந்தப் பொருளும் 20 விநாடிகளுக்கு மேல் நிற்காது. எதையும் எப்போதும் மிகப்பெரிய எண் எழுதிய ஐபீஸிலிருந்தே, அதாவது மிகக் குறைந்த உருப்பெருக்கத்திலிருந்தே, தொடங்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. 20 மில்லிமீட்டர் ஐபீஸில் 35 மடங்குதான். ஆனால் முழு நிலவும் சுற்றிலும் கொஞ்சம் வானமும் அதில் அடங்கும்.

குழாயின் முதுகில் ஒட்டியிருக்கும் ஃபைண்டர் என்ற குட்டித் தொலைநோக்கியையும் நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அதைப் பகலில் சீர்செய்ய வேண்டும். தொலைவிலுள்ள ஒரு கைபேசிக் கோபுரத்தின் நுனியை முதலில் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு ஃபைண்டரின் திருகுகளை மெல்ல மெல்லத் திருப்பி, அதன் குறுக்குக் கோடுகள் அதே நுனியில் வெட்டும்படி செய்ய வேண்டும். உருவம் தலைகீழாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம், அது அப்படித்தான். பத்து நிமிட வேலை. அதைச் செய்த அன்றைய இரவே நிலவு அரை நிமிடத்தில் அகப்பட்டது. பகலில் செய்யும்போது சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. சில பெட்டிகளில் ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் சூரியனுக்கென்று தருகிறார்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்துவிடும், கண் போய்விடும். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். சூரிய வடிகட்டி என்பது குழாயின் முன்வாயை முழுவதுமாக மூடுவதாக இருக்க வேண்டும்.

நிலவைப் பார்க்கப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பது எல்லாரும் செய்யும் பிழை. அன்று நேர் ஒளியில் நிழலே இல்லாமல் எல்லாம் வெளுத்துக் கிடக்கும். வளர்பிறையின் ஏழாம் எட்டாம் நாளில் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரமாக தாலமி, அல்போன்சஸ், அர்சாக்கல் என்ற மூன்று பெரும்பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் சுவர்கள் உள்ளே கரிய நிழலைக் கொட்டியிருக்கும். அந்தக் கோடு நிலவின் நடுப்பகுதியில் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நகர்கிறது, மிதிவண்டியின் வேகம்தான். எனவே இருளுக்குள் தனியே மின்னும் ஒரு மலைமுகட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால், விடியல் மலைச்சரிவில் இறங்குவதைக் கண்ணால் காணலாம். கலிலியோ இத்தகைய முகடுகளைக் கொண்டுதான் நிலவின் மலை உயரங்களைக் கணித்தார். அவருடைய குழாய் 20 மடங்குதான் பெருக்கியது.

விண்மீன்களுக்கிடையே உள்ள வாயு, தூசி மேகங்களான நெபுலாக்களைப் பொறுத்தவரை, படங்களில் பார்த்த சிவப்பையும் நீலத்தையும் மறந்துவிட வேண்டும். திருவாதிரை விண்மீன் இருக்கும் வேட்டைக்காரன் கூட்டத்தில், இடைவார்போல் அமைந்த மூன்று விண்மீன்களுக்குக் கீழே, ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் ஓரியன் நெபுலா இருக்கிறது. கண்ணாடியில் மூச்சு விட்டாற்போன்ற சாம்பல் படலமாகவே எனக்குத் தெரிந்தது, ஏனெனில் மங்கிய ஒளியை உணரும் கண்ணின் கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. அந்தச் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலுமே இருக்கின்றன. ஆகவே படலத்தை நேரே பார்க்காமல் அதன் ஓரத்தைப் பார்த்தால் அது விரிந்து இறகு முளைப்பதுபோல் தெரியும். இதற்குக் கண் இருட்டில் 20 முதல் 30 நிமிடம் பழகியிருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கைபேசியைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

சனியின் வளையம் இந்தச் சின்னக் குழாயிலேயே தெரியும்; 70 மடங்கில் கோளுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள கறுப்பு இடைவெளியும் தெரியும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகியிருந்தது, இப்போது ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டு வருகிறது. 1612-இல் இப்படித்தான் வளையம் மறைந்துபோய்க் கலிலியோவையே திகைக்க வைத்தது.

இருந்தாலும் என்னிடம் கேட்டால் வியாழனைத்தான் சொல்வேன். பூமிக்கு அருகில் வரும் மாதங்களில், 40 மடங்கு உருப்பெருக்கமே அதை வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவின் அளவுக்குக் காட்டிவிடும். சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாததால் நமக்குத்தான் அது பட்டாணிபோல் தோன்றுகிறது. என் அண்ணன் மகள் மொட்டை மாடியில் முதல்முறை பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அத்தை?" என்றாள். அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நிற்கும் நான்கு புள்ளிகளை அவளுக்குக் காட்டி, ஒரு நோட்டில் வரைந்து வைக்கச் சொன்னேன். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ இவற்றில் மூன்றைப் பார்த்து, விண்மீன்கள் என்று நினைத்து, அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறக் கண்ட பிறகே துணைக்கோள்கள் என்று தெளிந்தார்.

மறுநாள் அவளே முதலில் ஐபீஸில் கண் வைத்தாள். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைச் சிவப்பு விளக்கில் பிடித்துப் பார்த்து, "ஒன்று குறைகிறது அத்தை" என்றாள். அயோ 42 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் வியாழனை ஒரு சுற்றுச் சுற்றிவிடும் துணைக்கோள். அன்று அது கோளுக்குப் பின்னால் போயிருந்தது. திரும்பி வரும்போது விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்திருந்தேன். வியாழனின் நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் மாதம் அது, அந்த நிழலைக் கடந்த பிறகே அயோ தெரியும் என்பதை மறந்துவிட்டேன். 9:20 மணிக்கு, விளிம்பைவிட்டுத் தள்ளி, ஒன்றுமே இல்லாத கறுப்பு இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி தோன்றி, இரண்டு மூன்று நிமிடங்களில் மற்ற மூன்றைப்போல் ஒளிர்ந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு மறுபடியும் கண் வைத்தாள். நோட்டில் நேரத்தை நான்தான் எழுதினேன்.