மான் எப்படிச் செத்ததோ அப்படித்தான் கறி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம் வந்தால் காட்டுக்கறியும் வந்துவிடும். மே முதல் ஆகஸ்ட் வரை வேட்டைக் காலம். ஸூலுலாந்துப் பண்ணைகளிலிருந்து யாராவது ஒருவர் பக்கி என்ற சிறு திறந்த வண்டியில் பாதி இம்பாலா மானோ, குடூ என்ற பெரிய மானின் ஒரு தொடையோ, சில சமயம் வார்த்தாக் என்ற காட்டுப்பன்றியோ கொண்டுவந்து நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் சொந்தக்காரர் வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார். வாங்கி வைத்தவர்கள் அதை ஆட்டுக்கறி மாதிரியே சமைக்கிறார்கள். கறி நாராகிறது, வாடை அடிக்கிறது. "இது நமக்குச் சரிப்படாது" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். குறை கறியில் இல்லை. சுட்ட இடத்திலும் அறுத்த விதத்திலும் சட்டியிலும் நடந்த தவறுகள் ஒன்றுசேர்ந்து தட்டுக்கு வருகின்றன.

முதல் தவறு சாவிலேயே நடந்துவிடுகிறது. அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் மானின் தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை நிறைந்திருக்கும். மான் செத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறும். தசையின் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது இறங்கும்) 7க்குப் பக்கத்திலிருந்து ஒரு நாளுக்குள் 5.4 முதல் 5.8 வரை இறங்கும். இந்த இறக்கம்தான் கறிக்கு நிறமும் மணமும் மென்மையும் தருகிறது, கெடாமலும் காக்கிறது. துரத்தப்பட்ட மானோ, வயிற்றில் குண்டு பட்டு ஓடிய மானோ அந்தச் சர்க்கரையை ஓட்டத்திலும் பயத்திலும் எரித்துவிட்டிருக்கும். அமிலமாக மாற எதுவும் மிச்சம் இருக்காது. பிஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டுவதுபோல், விறைப்பாக இருக்கும். சீக்கிரம் கெடும். மசாலா எவ்வளவு போட்டாலும் தேறாது.

கண்ணியில் சிக்கிய மான் இரவெல்லாம் திமிறிச் சாகிறது. கரும்புக்காட்டில் நாய்களை விட்டுப் பிடிப்பதும் அப்படித்தான். அந்தக் கறி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். அது திருட்டுக்கறி, அதற்கும் மேலே சித்திரவதைக் கறி. இந்த நாட்டில் முறையாக வேலியிட்டுச் சான்று பெற்ற பண்ணையில் உள்ள காட்டுமிருகம் பண்ணைக்காரருக்கே சொந்தம் என்று 1991ஆம் ஆண்டின் வேட்டைமிருகத் திருட்டுச் சட்டம் சொல்கிறது. நில உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும் மாகாண உரிமமும் இருக்கும் வேட்டைக்காரரிடம் மட்டும் வாங்குங்கள். டர்பன் இருக்கும் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் அந்த உரிமத்தை எஸெம்வெலோ என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு வழங்குகிறது.

சுடுபவருக்கு ஒரே விதி: முன்காலுக்குப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம். புதியவர் 100, 150 மீட்டருக்கு மேல் முயலவே கூடாது. தோள் எலும்பில் பட்டால் சப்பை முழுக்க ரத்தம் கட்டி வீணாகும், ஈயத் துணுக்கும் சிதறும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய சதையோடு ஒரு சாணாவது தாராளமாக அரிந்து எறியுங்கள். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது, குழந்தைகள் தின்னும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

எந்த மான் என்பதும் முக்கியம். இம்பாலாக் கிடாக்கள் மே மாதத்தை ஒட்டி இணைக்காகச் சண்டையிடும். அப்போது மந்தையை ஆளும் பெரிய கிடாவின் கறியில் வாடை வீசும், கொழுப்பும் கரைந்துபோயிருக்கும். மந்தையை விட்டு ஒதுங்கித் திரியும் இளங்கிடாதான் நல்ல கறி. பெட்டையின் கறி மென்மைதான், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இம்பாலா நவம்பர், டிசம்பரில் குட்டி போடும். ஜூலையில் சுட்ட பெட்டையின் வயிற்றைத் திறந்தால் பெரும்பாலும் சிறு கரு இருக்கும். அதைப் பார்த்த பிறகு மான் கறியே வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. அது பலவீனமில்லை. மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே கிடா வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது.

குடலை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அரை மணிக்குள் என்றால் இன்னும் நல்லது. உணவுக்குழாயைத் தொண்டைப்பக்கம் கட்டி, ஆசனவாயைச் சுற்றி அறுத்து அதையும் கட்டி, பிறகு வயிற்றைத் திறக்க வேண்டும். கத்தியின் வெட்டும் பக்கம் மேலே பார்க்க, இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக் கிழித்தால் குடலில் ஓட்டை விழாது. பச்சைச் சாணம் கறியில் பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவத் தோன்றும். அது அழுக்கை உடம்பு முழுக்கப் பரப்பும். பட்ட இடத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுங்கள். இம்பாலாவின் பின்னங்காலில் குதிகாலுக்கு மேலே கறுப்பு மயிர்க்கொத்து இருக்கும், அதற்கு அடியில் மணச்சுரப்பி. அதைத் தொட்ட கையும் கத்தியும் கறியைத் தொடக் கூடாது. 'மான் வாடை' என்று பலர் சொல்வது பாதி இதுதான்.

கையுறை இல்லாமல் அறுக்கவே வேண்டாம். உண்ணி வழியாகவும் ரத்தம் வழியாகவும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் தொற்றும். ஈரல், நுரையீரல், குண்டிக்காய், நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். நெறிக்கட்டி வீங்கி, வெட்டினால் பாலாடைக்கட்டிபோல் மஞ்சளாக இருந்தால் காசநோயாக இருக்கலாம். முழு மிருகத்தையும் ஒதுக்கிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாகச் செத்துக் கிடக்கும் மிருகத்தைத் திறக்கவே கூடாது. மூக்கிலும் வாயிலும் கறுப்பு ரத்தம் வழிந்திருந்தால் ஆந்த்ராக்ஸாக இருக்கலாம்.

பிறகு குளிரறை. 0 முதல் 4 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள் தொங்கவிட வேண்டும். ஆனால் உடனே இல்லை. இம்பாலா சிறிய உடம்பு, தோலுரித்த கிடா 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், சட்டென்று குளிர்ந்துவிடும். பிஎச் இறங்குவதற்கு முன்பே 10 டிகிரிக்குக் கீழே போனால் தசை சுருங்கி இறுகும். அப்படி இறுகிய கறியைப் பிறகு எதுவும் மெதுவாக்காது. சுட்ட அன்று இரவே வீட்டு ஃப்ரீசரில் திணிப்பவர்களின் கறி ரப்பராக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஃப்ரீசர் கடைசிப் படி. உறைந்த கறியைச் சமைப்பதற்கு முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள்.

இனி சட்டிக்கு வருவோம். ஆட்டுக்கறி பழக்கம் ஏமாற்றுவது இங்கேதான். மான் கறியில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். எல்லாப் பாகத்தையும் ஒன்றாக வெட்டி ஒரே சட்டியில் போட்டால் தொடை காய்ந்து நூலாகும்போது முழங்கால் கறி இன்னும் வெந்திருக்காது. பிரித்துவிடுங்கள். கழுத்து, முன்சப்பை, முழங்கால், விலா ஆகியவை குழம்புக்கு. அவற்றில் இணைப்புத்திசு அதிகம், மெதுவாக வேகும்போது அது கரைந்துதான் குழம்பு கெட்டியாகிறது. தொடையைக் கொத்துக்கறிக்கும், பில்டாங் என்ற உப்புக்கண்டத்துக்கும் வையுங்கள். முதுகுக்கறியை அரை விரல் தடிமனில் தசைநாருக்குக் குறுக்காக அரிந்து, சூடான இரும்புச்சட்டியில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். ஐந்து நிமிடமானால் செருப்பு. மேலே மூடியிருக்கும் வெள்ளிச்சவ்வை மட்டும் எந்தப் பாகத்திலும் விட்டுவைக்காதீர்கள். அது கரையாது, சுருங்கிக் கறியை முறுக்கும்.

குழம்புக்கு எலும்போடு இரண்டு கிலோ கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான சட்டியில் 100 மில்லி எண்ணெயும் 150 கிராம் ஆட்டுக்கொழுப்பும். காட்டுக்கறிக்கு இந்தக் கொழுப்பு கட்டாயம். இரண்டு பட்டை, இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு நட்சத்திர அன்னாசிப்பூ, நாலு ஏலக்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு. பெரிய வெங்காயம் மூன்று, பொன்னிறமாகட்டும். இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, மூன்று மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. தீயைத் தணித்து டர்பன் மசாலா ஐந்து மேசைக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி. மசாலா கருகினால் கசப்பு போகவே போகாது, ஆகவே கையளவு தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கறியைப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்து, பத்து நிமிடம் பிரட்டி, அரைத்த தக்காளி நாலு. கறி மூழ்கும் அளவுக்குக் கொதிநீர். அதன் பிறகு தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் மட்டும் குமிழி வர வேண்டும். மூடிவைத்து இரண்டரை மணி நேரம், வயதான கிடாவானால் மூன்றரை. பிரஷர் குக்கரில் செய்பவர்கள் விசில் வந்த பிறகு சிறுதீயில் 40 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்க விட வேண்டும். குழாயடியில் பிடித்துத் திறந்தால் கறிக்குள் இருக்கும் சாறு ஒரே நொடியில் கொதித்து வெளியேறிவிடும்.

உருளைக்கிழங்கு கடைசி 40 நிமிடத்தில். 'அப் டு டேட்' என்ற கிழங்கு வகை கிடைத்தால் அதுவே வேண்டும், அது மாதிரி வேறெதுவும் குழம்பைக் குடிக்காது. தக்காளி அதிகமானால் புளிப்பில் கிழங்கு வேகாமல் அடம்பிடிக்கும். கொத்தமல்லித் தழை தூவி, அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பரிமாறுங்கள். மறுநாள் 'பன்னி சௌ' ஆக, அதாவது குடைந்த ரொட்டிக்குள், வைத்தால் இன்னும் ருசி.

வாடைக்குப் பயந்து இரவெல்லாம் வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். மேல்பாகம் மாவுபோல் ஆகும், உள்ளே எதுவும் போகாது. தயிரும் மஞ்சளும் மூன்று மணி நேரம் போதும். சுத்தமாக அறுத்த கறிக்கு அதுவும் தேவையில்லை.

வார்த்தாக் வேறு கணக்கு. காட்டுப்பன்றி வகைக் கறியில் ட்ரிக்கினெல்லா புழு இருக்கக்கூடும். உள்ளே 71 டிகிரி வரவேண்டும், எங்கும் இளஞ்சிவப்பு மிச்சமிருக்கக் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள், பில்டாங்கும் போடாதீர்கள். மிளகு அதிகம் போட்டு, புளி விட்டு, எலும்போடு இரண்டு மணி நேரம் வேகவைத்தால் அருமையான கறி. வீட்டுப்பன்றியின் கொழுப்பு இதில் இல்லை, அதனால் இங்கும் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. கினிக்கோழிக்கு 65 டிகிரி வெந்நீரில் முக்கி இறகு பறியுங்கள், கொதிநீரானால் தோல் கிழியும். சமைக்குமுன் விரலால் தடவி ஈயச்சன்னங்களை எடுத்துவிடுங்கள். கிழப்பறவை இரண்டு மணி நேரம் கேட்கும். கரும்பு எலி என்ற பெரிய கொறிவிலங்கைத் தோலுரிக்கக் கூடாது, மயிரைப் பொசுக்கிச் சுரண்ட வேண்டும், ருசியெல்லாம் தோலடிக் கொழுப்பில். மருந்தடித்த கரும்புக்காட்டிலிருந்து வந்ததானால் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் சொல்லும்போது நம் வீடுகளில் எழும் மறுப்பை ஒதுக்க முடியாது. புரட்டாசி முழுக்கச் சைவம், காவடிக்குப் பத்து நாள் விரதம், வெள்ளிக்கிழமை முட்டைகூட இல்லை என்று இருக்கும் குடும்பங்கள் நாம். அதே குடும்பங்கள்தான் மாரியம்மன் கூழ் படையலுக்குக் கோழி அறுக்கின்றன, முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுகின்றன. காளத்தியப்பருக்குப் பன்றிக்கறியை ருசிபார்த்துப் படைத்த கண்ணப்பரைக் கும்பிடுகிறோம். ஆனால் மானைச் சுட்டார்கள் என்றால் "ஐயோ பாவம், அந்தக் கண்ணைப் பார்" என்று முகம் சுளிக்கிறோம். சூப்பர்மார்க்கெட் தட்டில் பிளாஸ்டிக் சுற்றிக் கிடக்கும் கோழிக்கு அந்த 'ஐயோ' கிடைப்பதில்லை. தன் மேய்ச்சல் நிலத்தில் சத்தம் கேட்கும் முன்பே விழுந்த மானைவிட, லாரியில் அடைபட்டு வெட்டுமிடத்தில் வரிசையில் நின்ற ஆட்டின் கடைசி நாள் கொடியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கறியே தின்னாதவர் இதை மறுத்தால் அவர் பேச்சுக்கு நான் தலைவணங்குவேன். கறி தின்பவர் மறுத்தால் அவர் ஒருமுறையாவது அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

"கொன்ற பாவம் தின்றால் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தின்னாமல் விட்டால் அந்தப் பாவம் அங்கேயே இருக்கிறது. கொம்புக்காகவும் படத்துக்காகவும் மட்டும் சுடுவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. தொடையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிவதும் அதே வரிசைதான். தலையைப் பொசுக்கிச் சமைக்கலாம், காலைச் சுகர் பீன்ஸோடு வேகவைக்கலாம், குடலைச் சுண்ணாம்பில் சுத்தம்செய்து கடலைப்பருப்போடு வைக்கலாம். ஆட்டுக்கு நம் பாட்டிமார் செய்ததுதான். ஈரலும் சுவரொட்டியும் அன்றே சமைத்துவிட வேண்டியவை. ஈரலின் மேல்சவ்வை உரித்து, புள்ளியோ கட்டியோ இல்லை என்று பார்த்து, மெல்லியதாக அரிந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர்விட்டு இறுகிவிடும்.

வீட்டில் விளக்கேற்றுபவர்கள் இருந்தால் தனிச் சட்டி வைத்து வெளியே கேஸ் வளையத்திலோ மூன்றுகால் இரும்புச்சட்டியிலோ சமையுங்கள், சண்டை வராது. விருந்துக்கு அழைத்தால் தட்டில் போடும் முன்பே இன்ன மிருகம் என்று சொல்லிவிடுங்கள். வார்த்தாக்கை ஆட்டுக்கறி என்று பரிமாறுவது வேடிக்கையில்லை. வேண்டாம் என்பவருக்குப் பருப்பும் சம்பலும் தயாராக இருக்கட்டும்.