மின் டெண்டர்: விலை உறை திறக்கும் முன்பே வெளியேறாமலிருக்க

தமிழ்நாடு அரசுத் துறைகளுக்குப் பொருள் சப்ளை செய்யும் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் விலையில் தோற்பதில்லை. தகுதி ஆவணங்கள் அடங்கிய முதல் உறையிலேயே போய்விடுகின்றன, விலை இருக்கும் உறை திறக்கப்படுவதே இல்லை. எங்கள் அனுபவத்தில் அப்படிப் போவதற்குக் காரணம் காகிதமும் கடைசி ஒரு மணி நேரமும்தான்.

ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். இஎம்டி, அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை, டெண்டர் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இஎம்டியைக் கட்டாமல் விடாதீர்கள். விலக்கு உண்டா, அந்தப் பொருளுக்குச் சான்றிதழ் பொருந்துமா என்பதை டெண்டர் ஆவணத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் மூன்றாம் வகுப்பாக இருக்க வேண்டும். புதுப்பித்தால் புதிய டோக்கனை (கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி கருவியை) டெண்டர் தளத்தின் உள்நுழைவோடு மறுபடி இணைக்க வேண்டும். பலர் இதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அதிகம் சறுக்குவது விலைப்பட்டியலில், அதாவது பிஓக்யூ எக்செல் கோப்பில். தளத்திலிருந்து இறக்கிய அதே கோப்பு, அதே பெயர். 'இறுதி' என்று பெயரில் சேர்த்தால்கூட ஏற்காது. பூட்டாத கட்டங்களில் மட்டும் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். வேறு கோப்பிலிருந்து ஒட்டினால் சூத்திரம் கெடும். ஜிஎஸ்டி சேர்த்த விலையா, சேர்க்காததா என்ற வரியை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது நல்லது. திருத்த அறிவிப்பில் பிஓக்யூ மாறியிருந்தால் பழையதை நிரப்பிய உழைப்பு வீண்.

கோப்புகளை ஏற்றினாலே சமர்ப்பித்ததாகாது. 'ஃப்ரீஸ்' அழுத்தி ஒப்புகை எடுத்தால்தான் கணக்கு. கெடு முடியும்வரை திருத்தி மீண்டும் அனுப்பலாம், ஆனால் 'வித்ட்ரா' கொடுத்துவிட்டால் அந்த டெண்டருக்குத் திரும்ப முடியாது. கெடு சர்வர் நேரப்படி ஓடும், உங்கள் கணினிக் கடிகாரத்தை நம்பாதீர்கள். முந்தைய நாளே முடிப்பதுதான் எங்கள் வழக்கம்.

விலை திறந்தபின் பேரம் பேசினால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம், அதுவும் குறைப்பதற்கு. டெண்டர் ஏற்பு ஆணையில் குறை இருந்தால் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் பிரிவு 11-இன்படி 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாள் கணக்கு ஆணை கைக்கு வந்த தேதியிலிருந்து தொடங்குவதால், வந்த தபால் உறையையோ மின்னஞ்சலையோ தூக்கி எறியாதீர்கள்.