வாலாங்குளத்துப் பிளேட்: சில நாட்களின் குறிப்பு

ஜனவரி 4

பத்திரப்பதிவு மீண்டும் தள்ளிப் போய்விட்டது. வாங்குகிறவர் பொங்கல் கழியட்டும் என்கிறார்; அண்ணன் தை பிறந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார். எப்படியானாலும் மாத முடிவுக்குள் மாடி காலியாக வேண்டும். இன்று பரண்மேல் இருந்த பெட்டிகளை மட்டும் இறக்கினேன். இல்ஃபோர்டு கம்பெனியின் போட்டோ பிளேட் அட்டைப் பெட்டிகள், மூலைகள் கரையான் அரித்தவை, ஸ்டூடியோ நடத்திய அப்பாருவின், என் தாத்தாவின், கையெழுத்தில் பென்சில் குறிப்புகள். சில பெட்டிகளில் ஊர்ப் பெயர், சிலவற்றில் வெறும் கோடு.

ஜனவரி 5

எல்லாமே குவார்ட்டர் பிளேட், மருந்து பூசிய கண்ணாடி நெகடிவ்கள். மூன்றேகால் அங்குலத்துக்கு நாலேகால் அங்குலம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு ஸ்டூடியோ முப்பது ஆண்டுக்கு மேல் நடந்த வீட்டில் முழு பிளேட் ஒன்றுகூட இல்லை, அரை பிளேட்டும் இல்லை. கல்யாணக் கோஷ்டிகள் எங்கே, நகரசபைக்காரர்கள் எங்கே, கோட்டும் தலைப்பாகையுமாய் நாற்காலியில் அமர்ந்த மில் முதலாளிகள் எங்கே? இருப்பவை குளங்கள், சாலைகள், மரங்கள், யாருமில்லாத ஒரு சந்தைத் திடல். காசு கொடுத்து யாரும் எடுக்கச் சொல்லியிருக்க முடியாத படங்கள்.

ஜனவரி 6

அப்பாருவின் மகள் பெரியத்தைக்கு இன்று காய்ச்சல் இல்லை.

ஜனவரி 8

கோயம்புத்தூர் வாலாங்குளத்துப் பிளேட்டை இன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்பேசியில் வெள்ளைத் திரையை வைத்து அதன்மேல் பிளேட்டை நிறுத்தினால் போதும், கறுப்பு வெள்ளையாக மாற்றும் வேலையை இன்னொரு செல்பேசி செய்துவிடுகிறது. ஓரங்களில் வெள்ளி மேலெழுந்து நீலப் பளபளப்பாய்ப் படிந்திருக்கிறது. அதைத் துடைக்கக் கூடாது. மருந்துப் பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் மினுங்கும், மினுங்கும் பக்கத்தை மட்டுமே தூரிகையால் தொடலாம் என்பதை நான் இப்போது பூசை விதியைப்போலக் கடைப்பிடிக்கிறேன்.

படத்தில் நிறைந்த குளம், குளத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் போத்தனூர் ரயில் பாதை, பாதையோரம் கம்பங்கள், அதற்கும் பின்னால் ஒரு மலை. அந்த மலை அங்கே இருப்பதுதான் என்னை விடவில்லை. மற்றப் பிளேட்டுகள் எதிலும் மலை இல்லை. கோயம்புத்தூரை எந்தத் திசையில் நின்று எடுத்தாலும் மேற்கிலோ தெற்கிலோ மலை விழாமல் இருக்காது. ஆனால் அந்தக் காலத்துப் பிளேட்டுகளின் மருந்து நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இளகுவது, சிவப்பை அறவே காணாதது. தூரத்து மலையின் நீலப் புகையும் வானமும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் ஒரே வெள்ளையாகிவிடும். செம்மண் சாலை கறுத்துப் போகும், குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகும். ஆகவே பழைய படங்களைப் பார்க்கிறவர்களுக்கு நம் ஊர் மலையே இல்லாத ஒரு பொட்டல் என்று தோன்றும். இந்த ஒன்றில் மட்டும் மலைக்கோடு தெரிகிறதென்றால், அப்பாரு லென்சுக்கு முன் மஞ்சள் கண்ணாடி போட்டு, நேரத்தைக் கூட்டி, காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிழைப்புக்கு எடுக்கும் படத்துக்கு யாரும் இத்தனை சிரமப்படுவதில்லை.

ஜனவரி 9

நம் பக்கத்துச் சமவெளிக்குப் பழைய படங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு காரணம், வந்தவர்கள் எல்லோரும் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான். சென்னை அரசாங்கத்துக்காகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சி என்று சுற்றினார். சேலம் மாவட்டத்தில் ராயக்கோட்டை வரை வந்தார். மெழுகு தேய்த்த காகிதத்தில் எடுத்த நெகடிவ்களில் வானம் வெறுமையாய்ப் போனதால் மேகத்தைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தவர் அவர். சாமுவேல் போர்ன் 1869இல் நீலகிரிக்குப் போனார். ஆல்பர்ட் பென் உதகமண்டலத்திலேயே ஸ்டூடியோ வைத்தார். 1873இல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்த பிறகு கோயம்புத்தூர் என்பது மலையேறும் துரைமார் சன்னல் வழியாகப் பார்க்கும் ஊராகிவிட்டது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளில்கூட மலைவாழ் மக்களின் முகங்களைத் தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள். கீழே களத்துமேட்டில் நின்ற குடியானவனை யாரும் அவ்வளவு ஆசையோடு நிறுத்தி வைக்கவில்லை.

ஆகவே ஊரை ஊர்க்காரன்தான் எடுத்திருக்க வேண்டும்.

ஜனவரி 11

பூசையறைப் படங்களைக் கழற்றும்போது பழனியாண்டவர் சட்டத்தின் கண்ணாடி ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில் காப்பு, அதற்குக் கீழே பட்டுக்கரை. சட்டத்தின் மரவிளிம்பு மறைத்திருந்த கால் அங்குல அகலத்துக்குள் மட்டும் மருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்ற இடமெல்லாம் தெளிந்த கண்ணாடி. அளந்தேன்: ஆறரைக்கு எட்டரை. முழு பிளேட்.

மற்றச் சட்டங்களையும் பிரித்தேன். மருதமலையான் அரை பிளேட். லட்சுமி முழு பிளேட், அதன் ஓரத்தில் நாற்காலிக் கால்.

ஜனவரி 12

பெரியத்தையிடம் கேட்டேன். கேட்கலாமா என்று நேற்றிரவு முழுவதும் யோசித்திருந்தேன். அவருக்கோ அதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை.

“அதையேங் கண்ணு கேக்கறே. நாந்தானே கழுவுனேன். சூலூர்ல ஏரோப்ளேன் கொட்டாய எரிச்ச வருசம். அண்டாவுல சுடுதண்ணி காய்ச்சி, சலவைச் சோடாவப் போட்டு ஊற வெச்சா பாலாடையாட்ட உரிஞ்சு வரும். எங்கய்யன் கண்ணாடிய எண்ணி வாங்கிக்குவாரு.”

சூலூர் விமானத் தளத்தை வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் எரித்த ஆண்டு. அப்படியானால் 1942, ஆகஸ்டை ஒட்டி. அத்தைக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை தொடங்கி மூன்றாண்டு ஆகிவிட்டது. கப்பலில் வரவேண்டிய பிளேட்டும் காகிதமும் மருந்தும் அரிதாகிவிட்டன. சினிமாக்காரர்களுக்கே படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் அளவு வைத்த காலம். வீதியில் ஒரு சிறு ஸ்டூடியோவுக்கு யார் சரக்குக் கொடுப்பார்கள்? புதுப் படம் எடுக்க வழியில்லை, சன்னலுக்கும் சாமிப் படத்துக்கும் கண்ணாடிக்குக் கிராக்கி. எடுத்து வைத்திருந்த முகங்களைக் கழுவிக் கண்ணாடியாக விற்றிருக்கிறார்.

“யாராரு மூஞ்சின்னு தெரியுமாங்க அத்தை?” என்று கேட்டேன்.

“தலைகீழாக் கறுப்பாத் தெரியறதுல யாரைக் கண்டேன்? எல்லாம் பேயாட்டத்தான் இருந்துச்சு. வெரலு வெந்து போச்சு, அதுதான் நெனப்பு.”

ஜனவரி 14

காப்புக்கட்டு. வேப்பிலையும் ஆவாரையும் பூளைப்பூவும் கட்டியாயிற்று. பழையன கழியட்டும் என்று அண்ணன் பெட்டிகளைப் பார்த்துச் சொன்னார். நான் பதில் பேசவில்லை.

ஜனவரி 16

வாலாங்குளத்துக் கம்பங்கள். அவை மின்கம்பங்களாக இருந்தால் படம் 1932க்குப் பிந்தையது என்று சொல்லிவிடலாம். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கீழே இறங்கியது அந்த ஆண்டில்தான், அதன் பிறகுதான் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஆனால் ரயில் பாதையோரம் நிற்பவை தந்திக் கம்பங்களாகவும் இருக்கலாம், தந்திக் கம்பம் என்றால் காலம் பின்னோக்கி எங்கு வேண்டுமானாலும் போகும். குறுக்குச் சட்டங்கள் இரண்டு தெரிகின்றன, பீங்கான் குமிழ்கள் தெரிகின்றன, கம்பிகள் தெரியவில்லை.

வெரைட்டி ஹால் ரோட்டுப் பிளேட்டில் இந்தத் தர்க்கம் இன்னும் சிக்கலாகிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் அங்கே நிரந்தரக் கொட்டகை கட்டிப் படம் காட்டினார். மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் நடத்தினார். பைக்காராவுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஆகவே அந்த வீதியில் ஒரு விளக்கைக் கண்டால் அது எந்த ஆண்டையும் நிரூபிக்காது. படத்தில் மாட்டு வண்டிகளும் ஒரு குதிரை வண்டியும் இருக்கின்றன, மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாததை வைத்துக் காலம் சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு நிமிடம் முன்போ பின்போ அது கடந்து போயிருக்கலாம்.

ஜனவரி 17

பேரூர்க் கோயில். கனகசபைத் தூண்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறார். பெட்டியிலேயே மிகத் தெளிவான பிளேட் இதுதான். கல் அசைவதில்லை, எவ்வளவு நேரமும் நிற்கும். இந்த மண்டபத்துக்குக் காலம் கணிக்கக் கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் செய்த வேலை எனக்கு இப்போது மிகவும் நெருக்கமாகப் படுகிறது: தூணின் அடியில் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும் ஒரு சிப்பாயைக் கண்டு, அவன் உடையையும் ஆயுதத்தின் வடிவத்தையும் வைத்து, மண்டபம் அவுரங்கசீப், மராட்டியர் காலத்துச் சண்டைகளை ஒட்டியது என்று எழுதினார். ஒரு துப்பாக்கி அவருக்கு. எனக்கு இரண்டு குறுக்குச் சட்டமுள்ள கம்பம்.

ஜனவரி 18

பெரியத்தையை மறுபடி சேர்த்திருக்கிறோம். சளி என்கிறார்கள். பேச வேண்டாம் என்றார்கள்.

ஜனவரி 20

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை ஜி.டி. நாயுடு தன் காமிராவிலேயே படம் பிடித்தார். அப்படிப்பட்ட காலம் அது. கலங்கல் கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் நின்று படமெடுக்க முடிந்தது, பிலிமும் காமிராவும் பணம் இருந்தால் கிடைத்தன. அதே ஆண்டுகளில்தான் அப்பாருவும் குளத்துக் கரையில் மஞ்சள் கண்ணாடியோடு நின்றிருப்பார் என்று நம்ப விரும்புகிறேன். 1939 செப்டம்பருக்கு முன் இருந்த இந்தத் தாராளத்தை அனுபவித்தவர்களுக்கு அது தாராளம் என்றே தெரிந்திருக்காது.

ஜனவரி 22

விடியுமுன் வாலாங்குளம் போனேன். சுற்றிலும் நடைபாதை, பாலம், விளக்குகள்; ரயில் மட்டும் பழைய இடத்தில் குளத்தைக் கடந்து போகிறது. அச்சிட்ட படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். கட்டடங்களுக்கு இடையே தென்மேற்கில் மதுக்கரைப் பக்கத்து மலைக்கோடு ஓரிடத்தில் தெரிந்தது. முகட்டுக்கு அடுத்துள்ள பள்ளம் படத்தில் உள்ளபடியே இடமிருந்து வலமாக இறங்குகிறது. ஆகவே பிளேட்டை நான் சரியான பக்கம் வைத்தே பார்த்திருக்கிறேன், திருப்பிப் போடவில்லை. காலம் இன்னும் தெரியவில்லை, ஆனால் அவர் நின்ற இடம் சுமார் பத்தடிக்குள் தெரியும். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் என்ன சார், சர்வே எடுக்கறீங்களா என்று விசாரித்தார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 23

தூக்கமில்லை, ஆகவே எழுதுகிறேன். இந்த ஊர்மேல் குண்டு விழவில்லை. அப்படியிருந்தும் போருக்கு முந்தைய ஊரின் முகங்கள் போய்விட்டன, ஒரு ஸ்டூடியோவின் பின்கட்டில், ஒரு சிறுமியின் கையால், நல்ல விலைக்கு. எஞ்சியவை எஞ்சியதற்குக் காரணம் அவற்றின் அருமை இல்லை. சட்டத்துக்குப் போதாத அளவு. லென்சைச் சோதிக்கவும், மருந்தின் வேகம் பார்க்கவும், சும்மாவும் எடுத்த சின்னப் பிளேட்டுகளைக் கண்ணாடிக்காக யாரும் வாங்கவில்லை. ஆகவே நமக்குக் கிடைத்திருக்கும் பழைய கோயம்புத்தூரில் பெரிய மனிதர் எவரும் இல்லை. குளம் இருக்கிறது, வண்டித்தடம் இருக்கிறது, பேரூர்த் தூண் இருக்கிறது. இதை ஊரின் நற்பேறு என்று சொல்லத் துணியமாட்டேன். கழுவப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இதே வீதிகளில் இருக்கிறார்கள், தாத்தாவின் படம் ஒன்றுகூட இல்லையே என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாத்தா யாரோ ஒருவர் வீட்டில் முருகனுக்கு முன்னால் கண்ணாடியாக நிற்கக்கூடும்.

பூசையறைச் சட்டங்களை வாங்குகிறவருக்கு விடப் போவதில்லை. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 24

அத்தை கண் விழித்தார், அரைத் தம்ளர் கஞ்சி குடித்தார். பதிவு திங்கட்கிழமைக்கு உறுதியாகிவிட்டது. பெட்டிகள் பீளமேட்டில் சித்தப்பா வீட்டு மாடிக்குப் போகின்றன, படுக்கவைக்காமல் நிறுத்தியே ஏற்ற வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும். திறக்காமல் மீதம் இருப்பது மேட்டூர் என்று எழுதிய பெட்டி ஒன்றுதான். அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. தண்ணீர் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியில் தலைகாட்டும், அணை நீரில் மூழ்கிய கோயிலின் அந்த நந்தியை, சுற்றிலும் ஊர் இருந்தபோதே அப்பாரு எடுத்திருந்தால்? கயிறு இறுகிப் போயிருக்கிறது. கத்தரிக்கோலை எந்த மூட்டைக்குள் கட்டினேன் என்று தேட வேண்டும்.