ரோமானிய மொசைக் தாளுக்கு நான் படித்த விதம்

கலை வரலாறு முதுகலையில் ரோமானியத் தரை மொசைக்குகளை, அதாவது சிறு கற்களைப் பதித்துச் செய்த தரைச் சித்திரங்களை, எடுத்தவர்களுக்குத் தேர்வில் பெரிய பயம் படக் கேள்விதான். திரையில் ஒரு படம் வரும். யார், என்ன கதை, எந்த ஊர், எந்தக் காலம் என்று சில நிமிடங்களில் எழுத வேண்டும். திரிசூலம் இருந்தால் கடல் தெய்வம் நெப்டியூன், சிங்கத்தோல் இருந்தால் மாவீரன் ஹெர்குலிஸ் என்று மனப்பாடம் செய்வது வழக்கம். செய்யுங்கள், அது இல்லாமல் முடியாது. ஆனால் நல்ல மதிப்பெண் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் அது கிடந்த அறையோடு சேர்த்துப் படியுங்கள்.

இன்றைய துருக்கியில் இருக்கும் பழைய நகரமான அந்தியோக்கியாவில் 1930களில் அகழ்ந்த ஒரு வீட்டின் விருந்துக் கூடம் இதற்கு நல்ல பாடம். மூன்று சுவரோரமும் சாய்வு மஞ்சங்கள் கிடக்கும் என்பதால் அந்தப் பகுதிக்குக் கட்டமும் கோடுமான அலங்காரமே போதும். புராணக் காட்சிகள் கண்ணில் படும் இடத்தில்தான். ஒன்றில் மதுக் கடவுள் டயோனிசஸுக்கும் ஹெர்குலிஸுக்கும் குடிப் போட்டி. டயோனிசஸ் சாய்ந்தபடி காலிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுகிறான், ஹெர்குலிஸ் மண்டியிட்டு இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான். மது பரிமாறும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான குறும்பு ஏது? இன்னொன்றில், மூன்று தேவியரில் யார் அழகி என்று டிராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொல்லப்போகிறான். இன்று முதல் படம் அமெரிக்காவின் வூஸ்டர் அருங்காட்சியகத்தில், இரண்டாவது பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில். பாடநூலிலும் தனித்தனியாகவே வரும். ஒரு தாளில் அறையை வரைந்து இரண்டையும் உள்ளே வைத்துப் பாருங்கள். "இந்தக் கதை ஏன் இங்கே?" என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

சைப்ரஸின் பாஃபோஸில் 1962இல் தெரியவந்த டயோனிசஸ் வீட்டைத் தவறவிடாதீர்கள். அங்கே பிராமஸ், திஸ்பே காட்சியில் பிராமஸ் காதலனாக இல்லை, நாணல் முடி சூடி நீர்க்குடத்தில் சாய்ந்திருக்கும் ஆற்றுத் தெய்வமாக இருக்கிறான். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன காதலர் கதையை மட்டும் படித்துவிட்டுப் போனால் குழம்பத்தான் செய்யும். பக்கத்திலேயே கிரேக்க எழுத்தில் பெயர் இருக்கிறது. கிரேக்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள், இலவச மதிப்பெண்! அதே வரிசையில் "முதலில் மது குடித்தவர்கள்" என்று எழுதிய காட்சியும் உண்டு.

சிசிலியின் வில்லா ரோமானா டெல் காசாலே என்ற ரோமானிய மாளிகையில், உலிசஸ் மதுக் கோப்பையை நீட்டும் பாலிஃபீமஸுக்கு, கதையில் ஒற்றைக் கண் அரக்கனான அவனுக்கு, மூன்று கண்கள். ஒற்றைக் கண்ணைத் தேடாதீர்கள்.

அப்புறம், தொப்பி. நுனி முன்பக்கம் மடங்கிய ஃபிரிஜியத் தொப்பியைப் பார்த்ததும் பெயர் எழுதிவிடாதீர்கள். பாரிஸுக்கும் இசைக் கலைஞன் ஆர்ஃபியஸுக்கும் மித்ராஸ் என்ற தெய்வத்துக்கும் அதே தொப்பிதான். யாழும் சுற்றிலும் விலங்குகளும் இருந்தால் ஆர்ஃபியஸ், எதிரே மூன்று தேவியர் நின்றால் பாரிஸ், காளையைக் குத்தினால் மித்ராஸ்.

எதுவுமே பிடிபடவில்லையா? நிறத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பெரிய உருவங்கள் தரை முழுக்கப் பரவியிருந்தால் முதலில் இத்தாலியை நினையுங்கள்; கடல் குதிரைகளும் சேர்ந்திருந்தால் ரோமின் துறைமுக நகரான ஒஸ்தியாவின் நெப்டியூன் குளியல் கூடம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்று துணிந்து எழுதலாம்.